சிறிய பாய்மரப் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

27 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை 12 ஆண்டுகளாகப் பராமரித்து ஓட்டி வருகிறேன். அதில் ஏறிப் பார்த்தவர்களும், ஏறுவதற்கு முன்பே ஒன்று வாங்கிவிட முடிவு செய்தவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொரு முறையும் பாதியைச் சொல்லிப் பாதியை மறந்துவிடுவதால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேர்தான். எத்தனை அடிப் படகு வாங்கினால் போதும்?

இரவு தங்கிச் சில நாட்கள் பயணம் செய்ய 25 முதல் 30 அடி வரை போதும். அதற்குக் கீழே போனால் உள்ளே நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது. மேலே போனால் வசதி கூடும். ஆனால் எடை அதைவிட வேகமாகக் கூடும். ஒரே வடிவமுள்ள படகுகளில் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதால், 26 அடியிலிருந்து 33 அடிக்குப் போகும்போது நீளம் கால் பங்குதான் கூடுகிறது, எடையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பாயின் இழுப்பு, நங்கூரத்தின் கனம், துறையில் மோதினால் விழும் அடி ஆகிய எல்லாம் எடையோடு சேர்ந்தே வளர்கின்றன.

முதல் படகு சற்றுச் சிறியதாகத் தோன்றினால் சரியான அளவு என்றே நான் சொல்வேன். பெரிய படகை வாங்கி, இருவரால் கையாள முடியாமல், துறையிலேயே கட்டி வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காற்று படகைத் தள்ளத்தானே செய்யும்? காற்று வரும் பக்கமாகவே எப்படிப் போகிறது?

பின்னாலிருந்து வரும் காற்று தள்ளுகிறது என்பது சரி. மற்றத் திசைகளில் பாய் ஒரு பறவையின் சிறகைப் போல வேலை செய்கிறது. காற்று அதன் வளைந்த பரப்பின் மீது திரும்பி ஓடும்போது ஓர் இழுவிசை பிறக்கிறது. அவ்விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது படகின் அடியில் துடுப்புப்போல நீருக்குள் இறங்கியிருக்கும் கீல், அதாவது படகு கட்டுபவர்கள் ஏரா என்று சொல்லும் பகுதி. பக்கவாட்டு வழி அடைபட்டதும் மிஞ்சுவது முன்னோக்கிய சிறு விசைதான், அதுவே போதுமானது.

நேர் எதிராக மட்டும் போக முடியாது. காற்றின் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகித்தான் சாதாரணப் பயணப் படகு ஓடும். ஆகவே வலமும் இடமுமாக மாறி மாறிக் குறுக்கோட்டம் போட்டு ஏற வேண்டும். நேர்க்கோட்டில் 10 கடல் மைல் இருக்கும் ஊர் அப்போது 14 கடல் மைலுக்கு மேலாகிவிடும். புதியவர்கள் பயண நேரத்தைக் கணக்கிடும்போது தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இவ்வளவு சாய்கிறதே, கவிழ்ந்துவிடாதா?

பெரிய கீல் உள்ள பயணப் படகைக் காற்று மட்டும் கவிழ்ப்பது மிகவும் அரிது. படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயமாகவோ வார்ப்பிரும்பாகவோ அடியில் தொங்குகிறது. படகு சாயச் சாய அந்த எடை பக்கவாட்டில் விலகி, நிமிர்த்தும் விசை கூடுகிறது; அதே சமயம் சாய்ந்த பாயில் காற்று வழுக்கிப் போவதால் சாய்க்கும் விசை குறைகிறது. இந்த வகைப் படகுகளில் பல, பாய்மரம் நீரைத் தொட்ட பிறகும் தாமாகவே நிமிரக்கூடியவை. கவிழ்ப்பது பெரும்பாலும் பக்கவாட்டில் வந்து உடையும் பேரலைதான். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஆனால் கவிழாது என்பதற்காகச் சாய்ந்தே ஓட்டுவதில் பயனில்லை. 15 முதல் 20 பாகை வரை சாய்வது இயல்பு. அதற்கு மேல் போனால் படகு பக்கவாட்டில் வழுக்குகிறது, வேகம் குறைகிறது, அடுப்பில் வைத்த பாத்திரம் தரைக்கு வருகிறது.

எவ்வளவு காற்றடித்தாலும் 6 நாட்டுக்கு மேல் போக மாட்டேன் என்கிறதே?

போகாது. (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்.) நீரை இடம்பெயர்த்து ஓடும் படகு தானே ஓர் அலையை உண்டாக்கி, அதன் இரு முகடுகளுக்கிடையில் அமர்ந்து ஓடுகிறது. அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும் வேகம்தான் அதன் நடைமுறை எல்லை. நீர்மட்ட நீளத்தை அடிகளில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். என் படகின் நீர்மட்ட நீளம் 22 அடி, விடை 6.3 நாட். அதற்கு மேல் பாய் விரித்தால் படகு தன் அலைமேலேயே ஏறப் பார்க்கும், வேகமோ கூடாது. பயணத் திட்டத்துக்கு நான் 4.5 நாட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பாயை எப்போது சுருக்க வேண்டும்? எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

‘சுருக்கலாமா’ என்ற எண்ணம் முதன்முதலில் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது படகோட்டிகளின் பழைய விதி. அதை நான் கேலியாக நினைத்திருந்தேன். இப்போது அதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், 10 நாட் காற்று 20 நாட்டாகும்போது பாயின் மீதான விசை நான்கு மடங்காகிறது. 12 நாட் காற்றில் ஒருவர் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை, 25 நாட்டில் இருவர் நனைந்து, கத்தி, கையைக் கிழித்துக்கொண்டு செய்யும் வேலையாகிவிடும்.

ஏமாற்றுவது பின்காற்றுதான். 16 நாட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 6 நாட் வேகத்தில் ஓடும்போது உங்கள் மேல் படுவது 10 நாட் காற்று மட்டுமே. வெயிலும் இதமும் சேர்ந்து உறக்கமே வரும். அதே படகைத் திருப்பிக் காற்றுக்கு எதிரே குறுக்கோட்டம் போட ஆரம்பித்தால் படகில் உணரப்படும் காற்று 20 நாட் ஆகிவிடும். காற்று மாறவில்லை, விசை மட்டும் நான்கு மடங்காயிற்று. ஆகவே பின்காற்றில் போகும்போது அவ்வப்போது ‘இப்போது திரும்ப வேண்டியிருந்தால் இந்தப் பாய் சரிப்படுமா?’ என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

எனக்கென்று எண்களும் வைத்திருக்கிறேன்: 15 நாட்டில் பெரிய பாய்க்கு முதல் சுருக்கு, 20 நாட்டில் இரண்டாவது, முன்பாயும் அதற்கேற்பப் பாதிக்குச் சுருட்டப்படும். இவை என் படகுக்குரியவை. உங்கள் படகு வேறு எண்களைச் சொல்லும். இருட்டுவதற்கு முன் காற்று எப்படியிருந்தாலும் ஒரு சுருக்குப் போட்டுவிடுவேன்.

சுக்கான் கோல் கையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சுக்கானில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் சுக்கான் குற்றமற்றது, பாய்தான் காரணம். படகு அதிகமாகச் சாயும்போது பாயின் விசை படகின் நடுக்கோட்டைவிட்டு வெளியே விலகி, முகப்பைக் காற்று வரும் பக்கம் திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுக்க நீங்கள் சுக்கானைத் திருப்பிப் பிடிக்கிறீர்கள். திருப்பிய சுக்கான் நீரில் பிரேக் போல நிற்கிறது. பெரிய பாயின் கயிற்றைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். இழுப்புக் குறைந்தால் முந்தைய விடைக்குப் போய்ப் பாயைச் சுருக்குங்கள். என் முதல் கோடையில் ஒரு மாதம் சுக்கானைக் கழற்றி ஆராய்ந்த பிறகுதான் இதை ஒருவர் சொல்லித் தந்தார்.

விரல் நுனிகளில் உணரும் அளவுக்கு லேசான இழுப்பு இருப்பது நல்லது. கையைவிட்டால் படகு தானாகவே காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடும்.

பின்காற்று என்றால் சுகம்தானே? அதில் என்ன ஆபத்து?

பெரிய பாயின் அடியைத் தாங்கும் பூம் கம்பம்தான் ஆபத்து. பின்காற்றில் பாய் ஒரு பக்கம் முழுதாக விரிந்திருக்கும். கவனம் சிதறிப் படகு சில பாகை திரும்பினாலும் காற்று பாயின் மறுபக்கம் புகுந்து, பூமை ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் எறியும். அந்த வழியில் இருக்கும் தலை உடையும். சிறிய படகுகளில் பூம் உட்கார்ந்திருப்பவரின் தலையுயரத்திலேயே இருக்கும்.

பூமின் நுனியிலிருந்து முகப்புக்கு ஒரு தடுப்புக் கயிறு கட்டிவிடுங்கள். நேர் பின்காற்றைத் தவிர்த்து 20 பாகை விலகி ஓட்டுங்கள். தூரம் சிறிது கூடும், உருட்டல் பெரிதும் குறையும். வேண்டுமென்றே பக்கம் மாற்றும்போது பூமை முதலில் நடுவுக்கு இழுத்துவிட்டுத் திருப்பி, மறுபக்கம் மெல்ல விட வேண்டும்.

கடலில் நன்றாகத்தான் ஓட்டுகிறேன். துறையில் கட்டும்போதுதான் மானம் போகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் அப்படித்தான். கடலில் இடம் இருக்கிறது, துறையில் இல்லை. முதலில் மனத்தில் பதிய வேண்டியது, படகு கார் அல்ல என்பது. கார் முன்சக்கரத்தால் திரும்புகிறது; படகில் சுக்கான் பின்முனையைத்தான் தள்ளுகிறது, படகு கீலை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. ஆகவே முகப்பு இடப்பக்கம் போகும்போது பின்முனை வலப்பக்கம் வீசும், அங்கே யாருடைய படகாவது இருக்கும். மேலும் நீர் ஓடாத சுக்கானுக்கு உயிரில்லை. நின்றுகொண்டிருக்கும் படகு சுக்கானை மதிக்காது. காற்று முகப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, நீருக்குள் சுழன்று படகை ஓட்டும் எஞ்சின் விசிறி ரிவர்ஸ் கியரில் செய்யும் குறும்பு. பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றி முன்னோக்கி ஓட்டும் விசிறி, ரிவர்ஸில் பின்முனையை இடப்பக்கம் இழுக்கும். இதை எதிரியாக நினைத்து ஓராண்டு போராடினேன். பிறகுதான் இடப்பக்கமாகத் துறையை அணைத்து, கடைசியில் ரிவர்ஸ் போட்டால் படகு நிற்பதோடு பின்முனையும் தானாகவே துறையோடு ஒட்டிக்கொள்கிறது என்பது விளங்கிற்று. உங்கள் படகு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் துறையில் கட்டியிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டுப் பார்க்கலாம்: விசிறி கிளப்பும் கொந்தளிப்பு எந்தப் பக்கம் அதிகமோ, அதற்கு எதிர்ப்பக்கம் பின்முனை போகும்.

மூன்றாவது, நடுக்கயிறு. படகின் நடுவில் கயிறு கட்டுவதற்கென உள்ள க்ளீட்டிலிருந்து ஒரு கயிற்றை முதலில் துறையில் மாட்டிவிட்டு, சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, எஞ்சினை மெதுவாக முன்கியரில் விட்டால் படகு துறையோடு அசையாமல் நிற்கும். பிறகு மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். எந்த வேகத்தில் மோதத் தயாரோ, அந்த வேகத்தில்தான் துறையை அணுக வேண்டும். கை கால்களைப் படகுக்கும் துறைக்கும் நடுவில் நீட்டவே கூடாது. படகின் பக்கத்தில் மெத்தைபோலத் தொங்கும் ஃபெண்டர் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது, கால் அப்படியல்ல.

நங்கூரம் போட்டால் இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை. எவ்வளவு சங்கிலி விட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்?

நங்கூரத்தைப் பிடித்து வைப்பது அதன் எடை மட்டுமல்ல. சங்கிலி எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பதே முக்கியம். கிடைமட்டமாக இழுத்தால் அது மண்ணுக்குள் இறங்கும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். முழுச் சங்கிலியானால் ஆழத்தைப்போல் 5 மடங்கு, கயிறும் சங்கிலியும் கலந்ததானால் 7 மடங்கு என்பது நல்ல தொடக்கம். ஆழம் என்பதை எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆழமானியில் 5 மீட்டர் காட்டினால், நீர்மட்டத்திலிருந்து முகப்பு வரை 1 மீட்டர், இனி ஏறப்போகும் ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்றம், 2 மீட்டர் ஆகியவற்றையும் சேர்த்து 8 மீட்டர் என்று கொள்ள வேண்டும். அப்போது 40 மீட்டர் சங்கிலி தேவை, 25 அல்ல.

நங்கூரம் தரையைத் தொட்டதும் படகை மெல்லப் பின்னோக்கி நகரவிட்டுச் சங்கிலியை நீளமாகக் கிடத்துங்கள். பிறகு ரிவர்ஸில் சிறிது சிறிதாக எஞ்சின் வேகத்தைக் கூட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரே கோட்டில் இருக்கும் இரண்டு பொருள்களை, ஒரு மரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள கட்டடத்தையும் போல, பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாவிட்டால் நங்கூரம் பிடித்திருக்கிறது. என் நங்கூரம் இழுபட்ட ஒரே இரவு, களைப்பில் இந்தச் சோதனையைச் செய்யாமல் படுத்த இரவுதான். நள்ளிரவில் பக்கத்துப் படகுக்காரர் எங்கள் படகின் பக்கத்தைத் தட்டி எழுப்பினார். இரண்டு படகுகளும் தொட்டுக்கொள்ள இன்னும் ஒரு கை நீளம்தான் இருந்தது.

எஞ்சின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? காற்று மோசமானால் எஞ்சினில் வந்துவிடலாமே?

டீசல் எஞ்சின் நின்றுபோவதற்கு மிகவும் விரும்பும் நேரமே அதுதான், அதற்குக் காரணமும் உண்டு. தொட்டியின் அடியில் தண்ணீரும், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்க் கசடும் ஆண்டுக்கணக்கில் அமைதியாகப் படிந்திருக்கும். கடல் கொந்தளித்ததும் அவ்வளவும் கலங்கி வடிகட்டியை அடைக்கும். ஆகவே தொட்டியை நிரப்பியே வையுங்கள், வடிகட்டியின் அடியிலுள்ள கிண்ணத்தில் தண்ணீர் தெரிகிறதா என்று பாருங்கள், மாற்று வடிகட்டி இரண்டு வைத்திருங்கள். எஞ்சினைக் கிளப்பியவுடன் புகைக்குழாயில் தண்ணீர் கொட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்பது அனிச்சைச் செயலாக வேண்டும். கொட்டாவிட்டால் கடல்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது நீர் வரும் வால்வு மூடியிருக்கலாம். துறைக்குள் நுழையும்போதும் பாயைச் சில நொடிகளில் ஏற்றும் நிலையில் வைத்திருப்பேன். நங்கூரத்தையும் தயாராக வைத்திருப்பேன்.

பாய்மரப் படகுக்குத்தானே எல்லோரும் வழிவிட வேண்டும்?

அந்த நம்பிக்கையோடு கப்பல் பாதையில் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி எஞ்சின் கலம் பாய்க் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாக ஓடக்கூடிய கப்பலுக்கு நாம் இடையூறாக இருக்கக் கூடாது. முந்திச் செல்பவர் யாராயினும் அவரே விலக வேண்டும். பாய் விரித்திருந்தாலும் எஞ்சின் ஓடினால் நீங்கள் எஞ்சின் கலம்தான். இரண்டு பாய்ப் படகுகள் சந்தித்தால், இடப்பக்கம் காற்று வாங்குபவர் விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும்.

20 நாட்டில் வரும் கப்பல் 3 நிமிடத்தில் ஒரு கடல் மைல் கடக்கும். 4 கடல் மைல் தொலைவில் பொம்மைபோலத் தெரிவது 12 நிமிடத்தில் உங்கள் தலைமேல் நிற்கும். திசைகாட்டியில் அதன் திசை மாறாமல் உருவம் மட்டும் பெரிதானால் மோதல் உறுதி. நான் முன்கூட்டியே, கப்பலை ஓட்டும் மேடையில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி பெரிதாகத் திரும்பிவிடுவேன்.

தனியாகப் போகலாமா? நீரில் விழுந்தால் நீந்தத் தெரியுமே.

5 நாட்டில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல் போய்விடும். தன்னோட்டக் கருவி பிடித்திருக்கும் படகு உங்களுக்காக நிற்காது. நீச்சல் அந்தக் கணக்கில் உதவாது. தனியாகப் போகலாம், நானும் போகிறேன். ஆனால் முகப்பிலிருந்து பின்முனை வரை தளத்தில் ஒரு பட்டையைக் கட்டி, மார்க்கச்சையின் கொக்கியை அதில் மாட்டாமல் இருக்கையைவிட்டு எழுவதில்லை. அந்தக் கொக்கிக் கயிறு நீரில் விழ விடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும்.

இருவராகப் போனாலும், விழுந்தவரைத் திரும்ப ஏற்றுவதுதான் கடினம். நனைந்த உடையோடு ஓர் ஆளை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஒருவரால் முடியாது. ஏணியும் கப்பியும் எங்கே, எப்படி என்பதை அமைதியான நாளில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சின்னப் படகில் பெருங்கடலைத் தாண்ட முடியுமா?

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் முதன்முதலாகத் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய ‘சுஹைலி’ 32 அடிப் படகுதான். 312 நாட்கள் ஆயின. அளவு தடையல்ல. கட்டுமானமும், தயாரிப்பும், சுமக்கும் குடிநீரும்தான் கேள்வி. பழைய படகாயின் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு 10 முதல் 15 ஆண்டுகளே ஆயுள் என்பதையும், நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வால்வுகளில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அந்தப் பித்தளை உளுத்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். என் படகைக் கரை காணாத இடங்களுக்கு நான் கொண்டுபோனதில்லை. அதற்குப் படகைவிட என் வயிறுதான் காரணம்.

வானிலை கெட்டுவிட்டது, துறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உள்ளே போய்விடுவதுதானே புத்திசாலித்தனம்?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத் தப்பான விடை உயிரைக் கேட்கும். ஆழ்கடலில் உருண்டு போகும் அலை, அடித்தளம் மேடாகும் இடத்தில் செங்குத்தாகி, அலையுயரம் நீராழத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டும்போது உடைகிறது. துறைவாயில்கள் பெரும்பாலும் அப்படி மேடான இடத்தில்தான் இருக்கின்றன. வெளியே வடியும் ஓதம் உள்ளே வரும் அலையை எதிர்த்தால் அது இன்னும் செங்குத்தாகும். முன்பு சொன்ன, பக்கவாட்டில் உடைந்து படகைப் புரட்டும் அலை இதுதான். கடலிலிருந்து பார்க்கும்போது அலைகளின் வழுவழுப்பான முதுகு மட்டுமே தெரியும். உடையும் முகம் கரைப்பக்கம் இருப்பதால் வாயில் அமைதியாகவே தோன்றும்.

வெளியே இடமிருந்தால் படகை நிறுத்தி வைக்கலாம். முன்பாயின் கயிற்றை விடுவிக்காமலேயே முகப்பைக் காற்று வரும் திசையைத் தாண்டி மறுபக்கம் திருப்புங்கள். முன்பாய் தவறான பக்கம் மாட்டிக்கொண்டு முகப்பைப் பின்னுக்குத் தள்ளும். சுருக்கிய பெரிய பாயும், காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டிய சுக்கான் கோலும் முகப்பைக் காற்றுக்கு இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதால் படகு அடங்கி, 1 அல்லது 2 நாட் வேகத்தில் பக்கவாட்டில் நகரும். நீண்ட கீல் உள்ள பழைய படகுகள் இதை அழகாகச் செய்யும். ஒடுங்கிய கீல் உள்ள புதியவற்றில் பாயைக் கொஞ்சம் சரிசெய்து பழக வேண்டியிருக்கும்.

நானும் என் நண்பரும் ஒருமுறை இருட்டும் நேரத்தில், பழக்கமில்லாத ஒரு துறைவாயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். விளக்குகள் தெரிந்தன, சூடான சோறு அங்கேதான் இருந்தது. 1.5 நாட் நகர்வு, விடிய 6 மணி நேரம், ஆகவே காற்று போகும் பக்கம் 9 கடல் மைல் வெற்றுக் கடல் வேண்டும் என்று கணக்கிட்டோம். வாயிலின் முன்னால் அவ்வளவு இல்லை. எனவே இன்னும் 2 மணி நேரம் குறுக்கோட்டம் போட்டு வெளியே ஏறி, அதன் பிறகு படகை நிறுத்தினோம். அவர் திட்டிக்கொண்டே பிஸ்கட் தின்றார். விடிந்ததும் வாயிலுக்கு அருகே வந்து பார்த்தபோது, முந்தைய மாலை நாங்கள் நுழைய நினைத்திருந்த கோட்டின் குறுக்கே முழுநீளத்துக்கும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஓதம் ஏறும்வரை மேலும் 3 மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம்.